படத்துல வராத வலி

ஏம்மா மருமவளே, வா, இப்பிடி திண்ணையில உக்காரு. மெதுவா. நீ 'ஐயோ'ன்னா எங்க கெழவி வந்து நான் என்னவோ சொல்லி அழ வெச்சிட்டேன்னு சண்டைக்கு நிப்பா.

உன் இடுப்புவலிக்கு இந்த டாக்டரும் 'ஒண்ணுமில்ல'ன்னுட்டாரா? நல்ல சேதிதானே! ஒண்ணுமில்லாததுக்கா இத்தினி பஸ் காசு, எக்ஸ்ரே, ஸ்கேனு? ஒரு வெத்தல குடுத்திருந்தா இந்தத் திண்ணையிலேயே நான் சொல்லியிருப்பேனே.

மூஞ்சியத் தூக்காத. அவரு பாத்தது படத்தை. படத்துல எலும்பு தெரியும், சவ்வு தெரியும். வலி தெரியாது. எலும்பு தேஞ்சவன் ஏர் ஓட்டறான், படம் சுத்தமா இருக்கறவ பாயை உட்டு எழுந்திரிக்க மாட்டேங்கறா.

கண்ணுல படாததையும் கண்டுபுடிக்க வழி இருக்குது. நம்ம காவலூர்ல வானம் பாக்கற எடம் இருக்குதே, எளவட்டத்துல நான் அங்க மண்ணு செமந்தவன். 1986ல ராஜீவ் காந்தி வந்து தொறந்தாரே, 2.34 மீட்டர் கண்ணாடி, அதுக்கு முன்னாடியே ஒரு மீட்டர் கண்ணாடி ஒண்ணு இருந்துது. 1977 மார்ச்சுல ஒரு ராத்திரி யுரேனஸ் கெரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போவுதுன்னு அதுல பாத்துகினு இருந்தாங்க. கெரகம் கிட்ட வரதுக்குள்ளாறயே நட்சத்திரத்து வெளிச்சம் கொறைஞ்சிது, திரும்ப வந்துது. அமெரிக்காக்காரன் ஏரோப்ளேன்ல ஏறிப் பாத்தான், அவனுக்கும் அப்டியே. அதை வெச்சித்தான் கெரகத்தைச் சுத்தி வளையம் இருக்குதுன்னு முடிவு பண்ணாங்க. வளையத்தை அன்னிக்கு யாரும் கண்ணால பாக்கல மருமவளே! வெளிச்சம் எப்ப கொறைஞ்சிது, எவ்ளோ நேரம் கொறைஞ்சிது, அவ்ளோதான் கணக்கு.

நீ என்னா பண்ண? பத்துக்கு எத்தினி வலின்னு கேட்டதுக்கு பதினஞ்சுன்னியாமே! அடுத்த வாட்டி போனா, உனக்கு வெளிச்சம் எங்க கொறையுதுன்னு சொல்லு. சாமைக் கொல்லையில எவ்ளோ நேரம் களை எடுத்ததும் நிமிர முடியல, வெறகுக்கட்டை எந்த மேட்டுல எறக்கி வெக்கற, ராத்திரி எத்தினி தரம் முழிக்கற, ஊசி போட்டா எத்தினி நாளு தாங்குது. புள்ளைய உட்டு ஒரு நோட்டுல எழுதி வெய்யி. இடுப்பு, தலை, மாமியா எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டாத. உன் வூட்டுக்காரனை வெளிய நிக்க வெய்யி. வலி உனக்கு, வாய் அவனுக்கா?

'ஒண்ணுமில்ல'ன்னாருன்னா, 'எது எது இல்ல சார்?'னு சிரிச்ச மொகமா கேளு. புத்துநோய் இல்ல, காசநோய் இல்ல, நரம்பு நசுங்கலன்னு அவரு வாயால வந்தா பாதி பயம் போயிடும். அப்புறம், 'எனக்கு இருக்கறதுக்கு என்னா பேரு?'ன்னு கேளு. மூணு மாசத்துக்கு மேல ஓயாத வலியே தனியா ஒரு நோவுன்னு உலக சுகாதார நிறுவனம் பட்டியல்ல சேத்தாச்சி, 2022லேர்ந்து அது நடப்புல இருக்குது. வலிய ஆராயற உலகச் சங்கம் ஒண்ணு, 'வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா அதை மதிக்கணும்'னு 2020ல எழுதியே வெச்சிருக்குது. நர்சு படிக்கற பேத்தி இதைப் படிச்சிக் காட்டினா. 'இன்னும் கொஞ்சம் சத்தமா படிம்மா'ன்னேன். என் முட்டிவலிய வேஷம்னு சொல்றவ உள்ளதானே சமைச்சிகினு இருக்கா.

'டென்சன்'னாரா? கவலையும் தூக்கம் கெடறதும் வலிய ஏத்தும், பொய்யில்ல. அதுக்காக வலியே இல்லன்னு ஆயிடுமா?

இடுப்புல என்னாது, பெல்ட்டா? நாள்பட்ட இடுப்புவலிக்கு இன்னின்னது செய்யலாம்னு அதே உலக சுகாதார நிறுவனம் 2023 கடைசியில சொன்னப்ப, பெல்ட்டு வாணாம், இழுத்துக் கட்டறதும் வாணாம்னுட்டாங்க. பயிற்சி செய்யச் சொல்றாங்க. தெனம் மலை ஏறி எறங்கறனேன்னு ஆரம்பிக்காத, அது கூலிவேலை. மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல அரசாங்கம் கொண்டாந்துதே, அதுல வூட்டுக்கே வந்து பிசியோதெரபி சொல்லித் தரணும். ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில பேரைக் குடு. 'நாங்க மலை மேலதான் கீறோம், தேடினா கெடைப்போம்'னும் சொல்லிட்டு வா.

சந்தையில விக்கற பேரில்லாத பொடி ஒரே ராத்திரியில வலிய எடுத்துட்டா சந்தோசப்படாத. உள்ள ஸ்டீராய்டு கலந்திருந்தாலும் கலந்திருக்கும். கால் மரத்துச் செருப்பு தானா கழண்டா, ஒண்ணுக்கு அடைச்சிகினா, காய்ச்சலோட ஒடம்பு எளைச்சா, அன்னிக்கு என் பேச்சும் வாணாம், நோட்டும் வாணாம், மொத வண்டியப் புடி.

கெளம்பறியா? அந்த பெல்ட்டை மட்டும் அவுத்து வெச்சிட்டுப் போ. கோழிக்கூட்டுக் கதவு காத்துல அடிச்சிகினே இருக்குது, கட்டறதுக்கு ஆவும்.