பேராண்டி, அந்தப் பய தூங்கட்டும்

நீ செய்றது தப்புன்னு நான் சொல்லவே இல்லப்பா. முப்பத்தஞ்சு வயசு, ரெண்டு புள்ளைக்குத் தகப்பன், நார்த் கரோலைனா கேரியில சொந்த வீடு, ஆபீசுல உனக்குக் கீழ ஒரு பட்டாளமே இருக்கு. இம்புட்டையும் வச்சுக்கிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு, ஜார்ஜியாவுல பள்ளிக்கூடம் படிக்கிற பதினேழு வயசுப் பயலுக்கு இதயம் இதயமா அனுப்புற பாரு, அந்த மனசு யாருக்குடா வரும்? உங்கப்பன் கல்யாணம் நிச்சயமான பொண்ணுக்கே ஒரு கடுதாசி போட்டவன் இல்ல.

நான் எட்டிப் பாக்கலப்பா. கண்ணாடிய மாட்டிக்கிட்டு உன் பின்னாடி நின்னேன், அவ்வளவுதான். அந்தப் பய போட்டோவுக்கு உங்க காலேஜு செவப்புச் சட்டைய மாட்டி, ஒண்ணாம் நம்பரப் போட்டு, பின்னாடி ஸ்டேடியம், மேல வாணவேடிக்கைன்னு ஜோடிச்சிருந்த. கெட்டிக்கார வேலை. ஆபீசு வேலையில இந்தக் கவனம் இருந்தா இந்நேரம் நீ முதலாளி. கேட்டா, "தாத்தா, இவன் திறமைக்கு நாலு நட்சத்திரம் வாங்குன ஆட்டக்காரன், எங்க காலேஜுக்கு வரணும்"ங்கிற. நம்மூருல பொறந்தவனுக்கெல்லாம் ஒரே நட்சத்திரம். அதை வச்சே ஜோசியக்காரன் வாழ்நாள் பூராம் சம்பாதிச்சுட்டான். இவனுக்கு நாலுன்னா உங்கள மாதிரி ஆளுக சும்மா விடுவாய்ங்களா?

சரி, ஒரு சேதி கேளு. 2018 பிப்ரவரியில, புளோரிடாவுல பென்சகோலாங்கிற ஊரு. அமெரிக்கக் கால்பந்து ஆடுற பய ஒருத்தன், எந்தக் காலேஜுக்குப் போறேன்னு டிவிக்காரய்ங்க முன்னால சொல்லப்போறான். மேசை மேல வரிசையா காலேஜுக்கு ஒரு தொப்பி. பக்கத்துல பெத்த ஆத்தா, அலபாமா சட்டையும் டென்னசி தொப்பியுமா உக்காந்திருக்கா. எங்க போறதுன்னாலும் இந்த ரெண்டுல ஒண்ணுக்குப் போடான்னு வாயத் தொறக்காமலே சொல்லிப்புட்டா. பய என்ன செஞ்சான்? புளோரிடாவுக்குப் போறேன்னுட்டான். அம்மா எந்திரிச்சா, விறுவிறுன்னு நடந்து போயிட்டா. நாடே நேரலையில பாத்துச்சு. பெறகு மனசு கேக்காம திரும்பி வந்து மகனைக் கட்டிக்கிட்டான்னு வையி.

பத்து மாசம் சுமந்தவ, சட்டை போட்டுச் சொல்லியே கேக்கல. நீ மூணு வாணவேடிக்கை, ரெண்டு நெருப்பு, உங்க காலேஜுச் சின்னமான ஓநாய் படம் ஒண்ணு அனுப்பிட்டு, காலையில எந்திரிச்சதும் பதில் வந்திருக்கான்னு பாக்குற. அசாத்திய நம்பிக்கைடா உனக்கு.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. போன வருஷம் காலேஜு விளையாட்டு நிதிக்கு நூறு டாலர் குடுத்து, காருல ஒட்ட ஒரு ஸ்டிக்கர் வாங்குனயில்ல? இண்டியானாபொலிஸ்ல என்.சி.ஏ.ஏ.ன்னு ஒரு சங்கம் இருக்கு, காலேஜு ஆட்டத்துக்கெல்லாம் நாட்டாமை. அவய்ங்க ஏட்டுல உனக்குப் பேரு பூஸ்டர். ஒரு தடவை அந்தப் பேரு விழுந்துச்சுன்னா ஆயுசுக்கும் போகாது. ஸ்டிக்கர் வெயில்ல வெளுத்து உரிஞ்சு விழுந்தாலும் பேரு நிக்கும். பூஸ்டர்னு ஆனவன் ஒரு பயலைத் தேடிப்போயி எங்க காலேஜுக்கு வாடான்னு கூப்பிடக் கூடாதுங்கிறது விதி. மீறுனா உனக்குப் பெரிய கேடு ஒண்ணும் இல்ல. விளக்கம் எழுதுறது காலேஜு, விசாரணையில இழுபடுறது பய. நீ பாட்டுக்குக் காப்பி குடிச்சிட்டு ஆபீசுக்குப் போயிருவ.

உங்க காலேஜு வாசல்லயே நடந்த கூத்துதானடா! 2009ல ஜான் வால்னு ஒரு கூடைப்பந்துக்காரன், ராலே ஊருப் பய. உங்க நார்த் கரோலைனா ஸ்டேட்டுல முதல் வருசம் படிச்ச மாணவன் ஒருத்தன், 'ஜான் வால், தயவு பண்ணி எங்க காலேஜுக்கு வாப்பா'ங்கிற மாதிரி பேரு வச்சு பேஸ்புக்குல ஒரு குழு தொறந்தான். நூத்துக்கணக்குல சேந்தாய்ங்க. காலேஜு அவனைக் கூப்பிட்டு மாலையா போட்டுச்சு? நிறுத்துடான்னு கடுதாசிதான் அனுப்புச்சு. பாவம், அவன் குழுவோட பேரையே மாத்துனான். ஜான் வால் கென்டக்கிக்குப் போனான், ஒரே வருசம் ஆடுனான், 2010ல என்.பி.ஏ.க்கு ஆளெடுத்தப்ப முதல் ஆளா வாஷிங்டனுக்குப் போயிட்டான். உள்ளூருப் பயலையே உள்ளூருல கூடிக் கெஞ்சி நிறுத்த முடியல. நீ ஜார்ஜியாவுக்குத் தூண்டில் போடுற.

உங்க பயிற்சியாளரைப் பாத்தியா? லட்சக்கணக்குல டாலர் சம்பளம். ஆள் புடிக்கிறதே அவரு பொழைப்பு. 2016 ஆகஸ்டு வரைக்கும் அவரு ஒரு பய போட்ட பதிவுக்கு லைக் போடக் கூட விதி விடல. பெறகு லைக் போடலாம், மறுபதிவு போடலாம், ஆனா கீழ ஒரு வார்த்தை எழுதக் கூடாதுன்னாய்ங்க. சம்பளம் வாங்குறவன் கட்டைவிரல ஒரு தடவை அமுக்கிட்டுக் கையக் கட்டி நிக்கிறான். பைசா வாங்காத நீ பத்து விரலும் தேயத் தட்டுற. உன்னை வேலைக்கு வச்சிருக்கிற கம்பெனி குடுத்து வச்ச கம்பெனிடா.

காசு குடுத்து இழுத்த பெரிய மனுசங்களும் உண்டு. டல்லாஸ்ல சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். பணக்கார ரசிகருக ஆட்டக்காரப் பயலுகளுக்கு மாசாமாசம் துட்டு குடுத்தாய்ங்க. 1987ல சீசன் முழுக்க ஆடவே கூடாதுன்னு என்.சி.ஏ.ஏ. நாட்டாமை சொல்லிப்புட்டாய்ங்க. அடுத்த வருசம் காலேஜுக்காரய்ங்களே ஆடல. சீசன் முடிவுல நல்லா ஆடுன அணிகளக் கூப்பிடுற பவுல் ஆட்டத்துல திரும்பக் கால் வைக்க 2009 ஆச்சு. அப்பல்லாம் மணப்பாறை மாட்டுச்சந்தையில தரகருக துண்டப் போட்டு மூடி விரலைப் புடிச்சு விலை பேசுற மாதிரி யாவாரம். 2021 ஜூலையில, பய தன் பேரை வச்சு, படத்த வச்சுக் காசு பாக்கலாம்னு விட்டாய்ங்க. 2024ல டென்னசியில ஒரு நீதிபதி, வரப்போற பயகிட்ட அந்தக் காசைப் பத்திப் பேசுறதைத் தடுக்காதன்னு நாட்டாமை கையையே கட்டிப்புட்டாரு. 2025 ஜூலையிலருந்து காலேஜே நேரா குடுக்கலாம், முதல் வருசத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும்னு வச்சாய்ங்க. துண்டை உதறித் தோள்ல போட்டாச்சுப்பா. பய வீட்டுல அப்பன், ஆத்தா, வக்கீல் எல்லாம் தாளைக் கையில வச்சுக்கிட்டுக் கணக்குப் பாக்குறாய்ங்க. அந்த மேசையில உன் ஓநாய் படத்துக்கு என்ன விலை போட்டிருப்பாய்ங்கங்கிற?

எழுதாதன்னு சொன்னா நீ கேக்கப்போறதில்ல, உங்க தாத்தா வம்சம். எழுது. ஆனா டிசம்பர்ல அவன் கையெழுத்துப் போடுற அன்னிக்கு மட்டும் போனை எங்கிட்டக் குடுத்துரு. வேற தொப்பிய எடுத்துட்டான்னா உன் விரலு என்ன எழுதும்னு எனக்குத் தெரியும். "நன்றிகெட்ட பயலே, நீ உருப்படுவியா"ன்னு, முந்தின நாள் இதயம் விட்ட அதே விரலுதான் எழுதும். அவன் பாவம், "என் முடிவை மதிங்க"ன்னு ஒரு வரி போட்டிருப்பான். அதுக்குக் கீழ உன்னை மாதிரி ஆயிரம் தகப்பன்மாரு வரிசையில நிப்பாய்ங்க.

அவனுக்காக இல்லடா, உனக்காகத்தான் சொல்றேன். இப்ப காலேஜு மாறுறது ரொம்ப லேசு. போர்ட்டல்னு ஒண்ணு வச்சிருக்காய்ங்க, அதுல பேரைக் குடுத்தா முடிஞ்சது. இன்னிக்குப் போன பய ரெண்டு வருசங்கழிச்சு அது வழியா உங்க காலேஜுக்கே வந்து, செவப்புச் சட்டையில நிசமாவே நிப்பான். அப்ப நீ விடிய விடிய முழிச்சு, திட்டுனதை ஒண்ணொண்ணாத் தேடி அழிக்கணும். அழிச்சும் புண்ணியமில்ல. அவன் ஆத்தா அன்னிக்கே எல்லாத்தையும் போட்டோ புடிச்சு, உன் பேரோட எடுத்து வச்சிருப்பா.