சங்கிலித் திணையியல்: மூலமும் உரையும்

பாயிரம்

பாயிரம் இல்லாமல் நூலைத் தொடங்கினால் இலக்கணம் படித்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே முதலில் அதை முடித்துவிடுவோம்.

ஆக்கியோன் பெயர்: 3 எழுத்துக்குக் குறையாமலும் 16 எழுத்துக்கு மிகாமலும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அமைந்த ஒரு புனைபெயர். சொன்னால் தேடிப்போய் என் பழைய கட்டுரைகளைப் படித்துவிடுவீர்கள், ஆகவே சொல்லப்படாது. எல்லை: ஸ்டீம் என்னும் பிளாக்செயின் சங்கிலி 2016 மார்ச்சில் தோன்றியது முதல், அது 2020 மார்ச் 20 அன்று இரண்டாகக் கிளைத்து ஹைவ் பிறந்தது வரை, தேவைப்பட்டால் சற்று அப்பாலும். நுதலிய பொருள்: அங்கே எழுதியவர்களிடையே உண்டான நட்பும், எழுதியவர்களுக்குள் உண்டான வளர்ச்சியும். கேட்போர்: ‘அதுல எவ்வளவு சம்பாதிச்சே?’ என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்கும் என் சித்தப்பாவும், அவரைப் போன்ற பிறரும். பயன்: அந்தக் கேள்விக்கு ஒரு விடை.

பொதுவியல்

காசுக்கு எழுதக் கணினிமுன் அமர்ந்தோர்
பேசிப் பழகிப் பெற்ற நட்பே
ஏழு திணையாய் இயலும் என்ப.

இந்நூற்பா என்ன சொல்ல வந்ததோ எனின், முகம் பார்க்காத நட்பின் வகை இத்தனை என்று சொல்ல வந்தது. ‘என்ப’ என்றதனால் இதைப் பிறரும் சொல்லியிருப்பதாக ஒரு தோற்றம் கிடைக்கிறது. உண்மையில் யாரும் சொல்லவில்லை.

முதற்பொருள் நிலமும் பொழுதும். இங்கே நிலம் என்பது உலகெங்கும் பல கணினிகளில் ஒரே நேரத்தில் எழுதப்படும் ஓர் ஏடு. எழுதியதைக் கிழித்தெறிய முடியாது. சிறுபொழுது 3 நொடி. அத்தனை நொடிக்கு ஒருமுறை ஏட்டில் புதுப் பக்கம் விழும். பெரும்பொழுது 7 நாள். ஒரு பதிவை இட்டால் ஏழு நாள் வரை அதற்கு வாக்கு விழும். ஏழாம் நாள் முடிவில் புதிதாக அச்சிட்ட நாணயத்தை எழுதியவரும் வாக்களித்தவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். 2019 ஆகஸ்டு வரை எழுதியவருக்கு முக்கால், பிறகு பாதி. வாக்கின் எடை, வாக்களிப்பவர் பூட்டிவைத்திருக்கும் நாணயத்தின் எடை. தேர்ந்த இருபது சொல்லில் எழுதிய பாராட்டைவிடப் பணக்காரரின் ஒரு சொடுக்கு கனமானது. ஒரு பதிவுக்குச் சேர்ந்தது 2 சென்டைத் தொடாவிட்டால் அது தூசி எனப்படும், தரப்படாது.

கருப்பொருளில் தெய்வம் விட்னஸ்கள். முதல் வரிசையில் இருபது பேர். ஏட்டை எழுதிக் காப்பவர்கள். நாமே வாக்கிட்டு ஏற்றலாம், இறக்கலாம். குறிஞ்சி முருகனுக்கோ முல்லைத் திருமாலுக்கோ இந்த நெருக்கடி இல்லை. பறை, கைப்பேசியின் அறிவிப்பு மணி. உணவு, ஆறிப்போன தேநீர்.

விலங்கு என்று வரும்போது ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அவ்வூர் மக்கள் தம்மைத் தாமே மீன்குலமாக வகுத்துக்கொண்டிருந்தார்கள்: அடியில் பிளாங்டன், மேலே மின்னோ என்னும் சிறுமீன், அதன்மேல் டால்பின், ஓர்கா, உச்சியில் திமிங்கிலம். சிறுமீன் ஆவதற்கு ஏறத்தாழ 500 நாணயம் பூட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. இப்பகுப்பு பொருந்தாது. டால்பினும் ஓர்காவும் திமிங்கிலமும் பாலூட்டிகள். பிளாங்டன் மீன் வகையிலேயே சேராது. ஐந்தில் நான்கு பிழையான பட்டியலை நம்பி நட்பை அளக்கலாகாது. எனவே இந்நூல் பணத்தை விட்டு உரிப்பொருளைப் பிடிக்கிறது.

திணையியல்

திமிங்கிலம் அறியாச் சிறுமீன் காதல்
கைக்கிளை என்ப கணக்கறிந் தோரே.

கைக்கிளை ஒருதலை நட்பு. புதிதாக வந்தவர் பெரியவர் ஒருவரின் பதிவுகளைத் தேடித் தேடிப் போய், அவை புகைப்படக் கருவியைப் பற்றியனவாயினும் வரிவிதிப்பைப் பற்றியனவாயினும், ‘அருமை, தொடருங்கள்’ என்று எழுதிக்கொண்டிருப்பார். நானும் ஏழு மாதம் அப்படி இருந்தேன். ஒருநாள் அந்தத் திமிங்கிலம் தன் பலத்தில் 1 சதவீதத்தை எனக்கு அளித்தது. மதிப்பு 4 சென்ட். அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். திமிங்கிலத்துக்குக் கை தவறியிருக்கலாம் என்பது என் மனைவியின் உரை. இரண்டு உரையாசிரியர்கள் ஒத்துப்போனால் நூல் நிலைக்காது. ஆகவே அதையும் பதிந்து வைக்கிறேன்.

குறிஞ்சி கூடல். இதன் சிறுபொழுது யாமம் என்று முன்னோர் வகுத்தது எவ்வளவு சரி! நமக்கு நள்ளிரவாகும்போதுதான் அமெரிக்கக் கண்டங்களில் மத்தியானம். குறிஞ்சி நண்பரை அடையாளம் காணும் விதி ஒன்றுதான்: அவர் மூன்றாவது பத்தியைப் பற்றிக் கேட்பார். முதல் பத்தியைப் பற்றிப் பேசுகிறவர் வாக்குக்காக வந்தவர். கடைசிப் பத்தியைப் பற்றிப் பேசுகிறவர் கொஞ்சம் கெட்டிக்காரர். மூன்றாவதுக்கு வந்தவர் படித்தவர். நான் எங்கள் பள்ளி வாசலில் விற்ற பண்டங்களைப் பற்றி எழுதியபோது, மூன்றாம் பத்தியில் இருந்த கொடுக்காப்புளி எதுவென்று ஒருவர் கேட்டார். வெனிசுவேலாவின் மரகைபோ நகரத்துப் பள்ளி ஆசிரியை. படம் அனுப்பினேன். ‘இது எங்கள் தெரு மரம்’ என்று பதில் வந்தது. சண்டைக்குத் தயாராகி, தேடிப் படித்துப் பார்த்தால், அவர் பக்கம்தான் நியாயம்: அந்த மரத்தின் தாய்மண் மெக்சிகோ முதல் தென்னமெரிக்காவின் வடகோடி வரை, நம்மிடம் கடல் தாண்டி வந்தது. அதுவரை உலகத்தில் வேறெதை விட்டுக்கொடுத்தாலும் கொடுக்காப்புளியை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றிருந்தேன்.

முல்லை இருத்தல், அதாவது காத்திருத்தல். இது இரு வகை. ஏழாம் நாள் காசுக்குக் காத்திருப்பது சிற்றிருத்தல்; ஆளுக்குக் காத்திருப்பது பேரிருத்தல். 2019 மார்ச் 7 மாலை வெனிசுவேலா முழுவதும் மின்சாரம் போனது. நாள் கணக்கில் வரவில்லை. மரகைபோவில் கடைகள் சூறையாடப்பட்ட செய்தி வந்தது. மின்சாரம் போன அன்று நான் ஒரு பதிவு இட்டிருந்தேன். ஏடு எல்லாவற்றையும் நொடி சுத்தமாகக் குறிப்பது. ஆகவே ஒருவர் எதுவும் செய்யாமல் இருப்பதையும் அதே சுத்தத்துடன் காட்டும். ஆசிரியையின் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். கடைசிச் செயல் 2 நாள் முன்பு. 4 நாள் முன்பு. 6 நாள் முன்பு. மற்றது புறனடையில் காண்க.

மருதம் ஊடல். காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு முழு வாக்கு, வாக்குப்பலத்தில் 2 சதவீதத்தைத் தின்னும். ஒரு நாளில் 20 சதவீதம் ஊறிவரும். ஆக, பலம் குன்றாமல் ஒருவர் அளிக்கக்கூடியது நாளைக்குப் பத்து முழு வாக்கு. பதினோராவது நண்பர் ஊடுவார். ‘அவனுக்கு நூறு சதவீதம், எனக்கு நாற்பதா?’ மருதத்துத் தலைவி வாயில் மறுத்ததற்கும் இதற்கும் பரத்தையின் பெயர்தான் வேறு. தமிழ் வலைப்பதிவர்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு முன்பே வைத்த பெயர் மொய். நம் மொய்நோட்டு பீரோவுக்குள் இருக்கும். இங்கே ஊரார் பார்க்க நடுத்தெருவில் கிடக்கிறது. டவுன்வோட் என்ற எதிர்வாக்கும் உண்டு. அது கல்யாண வீட்டுக்கு வந்து மொய்த் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போவது.

நெய்தல் இரங்கல். 2018 ஜனவரியில் ஸ்டீம் நாணயம் 8 டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டு முடியுமுன் அரை டாலருக்கும் கீழே கிடந்தது. நவம்பரில், ஸ்டீமை உருவாக்கிய ஸ்டீமிட் நிறுவனம் தன் ஆட்களில் 70 சதவீதம் பேரை அனுப்பிவிட்டது. கரையில் நின்று புலம்பியவர் பலர். இத்திணைக்கு உரிய நண்பர், 8 டாலரில் தன் வீட்டு மிளகாய்ச் செடியைப் பற்றி எழுதியவர், 30 சென்டிலும் அதே செடியைப் பற்றி எழுதினார். செடி மட்டும் வளர்ந்திருந்தது.

பாலை பிரிவு. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரம் காட்டும் வழி. 2020 பிப்ரவரியில் ஸ்டீமிட் நிறுவனம் டிரான் என்னும் வேறொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன்னின் கைக்குப் போனது. அதனுடன் போன பெரும் நாணயக் குவியலை வாக்குக்குப் பயன்படாதபடி விட்னஸ்கள் முடக்கினார்கள். மார்ச் 2 அன்று நாணயச் சந்தைகளில் கிடந்த நாணயங்களின் வாக்கால் விட்னஸ்களே மாற்றப்பட்டார்கள். மார்ச் 20 அன்று வெளியேறியவர்கள் ஏட்டை முழுதாக நகலெடுத்து, அந்தக் குவியலை விட்டுவிட்டு, ஹைவ் என்று பெயரிட்டார்கள். நேரம் கிரீன்விச்சில் பிற்பகல் 2 மணி. பாலைக்கு நண்பகல்தான் உரியது. இரண்டு மணிநேர வழுவை ஆன்றோர் பொறுப்பாராக.

இந்தோனேசியாவின் ஆச்சேயில் விளையும் கயோ மலைக் காப்பியைப் பற்றி எழுதிய ஒரு நண்பர் ஸ்டீமில் தங்கினார். நான் ஹைவுக்குப் போனேன். பிளவுக்குச் சற்று முன்னால் அவர் என் பதிவில் கேட்டிருந்தார்: ‘நீயும் போகிறாயா?’ முன்னால் கேட்டதால் அக்கேள்வி இரண்டு சங்கிலியிலும் இருக்கிறது. மறுநாள் எழுதியதால் என் பதில் ஒன்றில்தான் இருக்கிறது, அவர் வராத ஒன்றில். ஸ்டீமுக்குப் போய் இன்னொரு முறை இட ஒரு நிமிடம் போதும். ரோசம் விடவில்லை.

பெருந்திணை பொருந்தா நட்பு. நாணயம் கொடுத்தால் வாக்களிக்கும் நிரல்கள் உண்டு. எல்லாருக்கும் ‘நல்ல பதிவு’ என்று எழுதிச்செல்லும் நிரல்களும் உண்டு. ஒருவர் ஓராண்டுக்கும் மேலாக என் பதிவு ஒவ்வொன்றையும் பாராட்டிவந்தார். நானும் மரியாதையாகப் பதில் சொல்லி, ஒருமுறை அவர் அம்மாவின் உடல்நலத்தையும் விசாரித்தேன். ‘நல்ல பதிவு’ என்றார்.

வளர்ச்சியியல்

எண்ணும் எழுத்தும் தோலும் என்றாங்கு
மூவகைத் தாகும் எழுதுவோர் வளர்ச்சி.

எண் என்றது பெயருக்கு அருகில் ஒட்டியிருக்கும் நன்மதிப்பு எண். எல்லாருக்கும் 25இல் தொடங்கும். ஒவ்வொரு ஒன்பது படிக்கும் பத்து மடங்கு வாக்கு வேண்டும். 61ஐத் தொட்டவர் 70ஐத் தொடுவதற்குள் பேரன் எடுக்கலாம். இதைப் பற்றி இவ்வளவு போதும்.

எழுத்து என்றது எழுதும் திறம். பிற இடங்களில் பழைய குப்பையை அழித்துவிட்டு, பிறக்கும்போதே நன்றாக எழுதியதாகச் சொல்லிக்கொள்ளலாம். இங்கே முடியாது. பதிவைத் திருத்தினாலும் முதல் வடிவம் பழைய பக்கத்தில் அப்படியே இருக்கும். என் முதல் கட்டுரையில் எட்டு ஆச்சரியக்குறி. கொச்சி மிளகு விலையையும் வாழ்க்கையின் பொருளையும் ஒரே வாக்கியத்தில் முடித்திருந்தேன். ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் படிக்கிறேன். மெய்ப்பாடு எட்டனுள் இளிவரல் என்றால் என்ன என்பது உதாரணத்துடன் விளங்குகிறது.

தோல் என்றது அதன் தடிப்பு. எதிர்வாக்கு விழுந்த அன்று இரவு தூங்காமல் இருந்தவர், மூன்றாம் ஆண்டில் அதன் கீழேயே ‘என்ன பிழை?’ என்று கேட்பார். சில சமயம் விடையும் கிடைக்கும். கடா: தோல் தடித்தால் உணர்ச்சி மழுங்காதோ எனின், விடை: ரோசம் விடுவதும் இதில் அடங்கும். அந்த ஆச்சே நண்பருக்கான பதிலை இரண்டு ஆண்டு கழித்து அவர் சங்கிலியில் இட்டேன். ‘காப்பி ஆறிவிட்டது. பரவாயில்லை, வேறு போடுகிறேன்’ என்று எழுதினார்.

புறனடை

ஏழுநாள் கழிந்தபின் ஈட்டம் இல்லென
அறிந்தும் வருவோர் உளரெனின் அவரைத்
திணையுள் அடக்கல் திறனன்று என்க.

எடுத்தோதிய இலக்கணத்துள் அடங்காததை அமைத்துக்கொள்வது புறனடை. ஏழு நாள் முடிந்த பதிவுக்கும் வாக்களிக்கலாம், சங்கிலி தடுக்காது. எழுதியவருக்கும் காசு இல்லை, இட்டவருக்கும் காசு இல்லை. யாழ்ப்பாணத்தில் இறந்தவர் வீட்டில் எட்டாம் நாளையொட்டிச் செய்யும் எட்டுச்செலவு என்று ஒரு சடங்கு உண்டு. செத்துப்போன பதிவுக்கு எட்டாம் நாள் வருகிறவரும் அப்படி வருகிறவர்தான், கொண்டுபோக எதுவும் இல்லாத வீட்டுக்கு.

2019 மார்ச் 15. மரகைபோ ஆசிரியையிடமிருந்து பின்னூட்டம்: ‘மின்சாரம் வந்தது. எல்லாரும் நலம். உன் பதிவுக்கு நேரம் முடிந்துவிட்டது, தெரியும்.’ அதற்கு மேல் ஒரு முழு வாக்கு, நூறு சதவீதம். அந்தப் பதிவில் கொடுக்காப்புளி இல்லை. சொல்லத் தகுந்த மூன்றாம் பத்திகூட இல்லை.

இந்தப் பொங்கலுக்குச் சித்தப்பா வழக்கம்போலக் கேட்டார். ஏட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புள்ளிக்கு அப்பால் மூன்று இடம் வரை பொறுமையாகப் படித்தார்.

“பூஜ்யம்னு போட்டிருக்கேப்பா.”

“ஆமா சித்தப்பா. அதான்.”

சங்கிலித் திணையியல் முற்றும்.