கொடிக்குப் பங்காளிகள்

உடப்பில் கரைவலைக்கு ஒரு நியாயம் உண்டு. கயிறு பிடித்தவனுக்குப் பங்கு. சம்மாட்டிக்கு இவ்வளவு, இழுத்தவர்களுக்கு இவ்வளவு என்று பிரித்த பிறகு, போகிற போக்கில் ஒரு கை கொடுத்த பொடியனுக்கும் கறிக்கு நாலு மீன் விழும். எங்கள் வீட்டு வாசலில் ஏறி நிற்கும் ரங்கூன் மல்லிக் கொடிக்கு மட்டும் அந்த நியாயம் செல்லாது. அதற்குப் பங்காளிகள் தெரு முழுக்க இருக்கிறார்கள். கயிறு இழுப்பவன் நான் ஒருவன்.

கொடியை நட்டது என் மனைவி. சிலாபத்திலிருந்து பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தபோது அது பணிவான பிள்ளையாகத்தான் இருந்தது. கேற்றோரம் வைத்தாள். உப்புக் காற்று, கொதிக்கிற மணல், கோடையில் கரிக்கிற கிணற்றுத் தண்ணீர் என்று ரோசாச் செடிகளை வரிசையாக மேலுலகம் அனுப்பிய வளவு இது. கொடி எதையும் பொருட்படுத்தவில்லை. தூணைப் பிடித்தது, மதிலைத் தாண்டியது, ஓட்டுக்கூரையில் படுத்தது. இப்போது மின்கம்பியைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டிருக்கிறது.

பூவைக் குறை சொல்ல முடியாது. பொழுது சாயும்போது வெள்ளையாக விரியும், மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கடுத்த நாள் நல்ல சிவப்பு. பழைய பூவும் புதுப் பூவும் ஒரே கொத்தில் தொங்குவதால் மூன்று நிறத்தையும் சேர்த்தே பார்க்கலாம். இது அழகுக்காகச் செய்கிற வேலையில்லை. முதலிரவின் வெள்ளையும் வாசமும் நீண்ட உறிஞ்சி உள்ள அந்துப்பூச்சிகளுக்கு. சிவந்து தலை தொங்கிய பிறகு பகலில் வரும் தேனீக்களுக்கும் தேன்சிட்டுகளுக்கும். இரவு ஷிப்டுக்கு ஒரு சட்டை, பகல் ஷிப்டுக்கு இன்னொரு சட்டை. நான் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டைக் கண்டதில்லை.

மனிதப் பங்காளிகள்தான் சிக்கல். எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு விடிகாலையில் அம்மனுக்குப் பூ வேண்டும். டியூஷன் போகிற பிள்ளைகள் பூக்குழலை ஒன்றுக்குள் ஒன்று செருகி மாலை கட்டுவார்கள். ஓட்டோக்காரத் தம்பிக்கு நிழல். பக்கத்து வளவு மச்சாள் கொடி தன் பக்கம் சாய்ந்ததும் அதன் கீழே கருவாடு காயப்போட்டாள். பிறகு கருவாட்டில் பூ விழுகிறது என்று முறைப்பாடும் வைத்தாள். ஆடுகளைப் பற்றிச் சொல்லவில்லை. எட்டியதைத் தின்றுவிட்டு யோசனை எதுவும் சொல்லாமல் போகிற பங்காளிகள் அவை மட்டுந்தான்.

வெட்டாமல் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். இந்தக் கொடி புதுத் துளிரில்தான் பூக்கும். சும்மா விட்டால் உள்ளே காய்ந்த விறகும், உச்சியில் காகங்கள் மட்டும் ரசிக்கக்கூடிய பூவும்தான் மிஞ்சும். அது போதாதென்று, இலை உதிர்ந்தாலும் காம்பின் அடி உதிராது. இறுகி, வளைந்து, முள்ளாகிவிடும். இலைக்குள் ஒளிந்திருப்பதால் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. கை விட்டவனுக்குத் தெரியும். கொடியின் ஒட்டுமொத்த நினைவாற்றலும் அந்த முள்ளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

சரி, எப்போது வெட்டுவது? புத்தளக் கரைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்குச் சற்று முன்னால் வெட்டினால் முதல் மழைக்கே துளிர்க்கும். இது கொடியின் பஞ்சாங்கம். ஊருக்கு வேறு பஞ்சாங்கங்கள் இருக்கின்றன.

ஆடியில் கத்தியைத் தொட வழியில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழா, பாரதப் போருக்குச் சமமாகப் பதினெட்டு நாள், முடிவில் தீமிதிப்பு. “அம்மனுக்குப் பூ போற கொடியில கத்தி வைப்பாங்களா தம்பி?” என்றார் பெரியம்மா. அவர் பார்வையில் நான் துச்சாதனனுக்கு ஒரு படி கீழே நின்றேன். ஆவணியில் தெருவில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை பெண்ணை எங்கள் கேற்றில் நிறுத்திப் படம் எடுக்க ஏற்கெனவே முடிவாகியிருந்தது. என்னைக் கேட்காமல்தான். அதற்குப் பிறகு மிஞ்சியது புரட்டாசி.

புரட்டாசியில் இன்னொரு கண்டம். வைகாசியில் தொடங்கும் தென்மேற்குக் காற்று அப்போதும் ஓயாது. இதே காற்றில் கற்பிட்டியில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்குகிறார்கள். மாம்புரியில் 2010ஆம் ஆண்டு முதல் காற்றாலை சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். உடப்பில் இந்தக் காற்றுக்கு ஒரே பொருள், கடல் அடிக்கிறது, கரைவலை மடித்தாயிற்று. ஆக, கொடியை வெட்ட உகந்த காலமும் ஊர் ஆண்கள் வேலையில்லாமல் இருக்கும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. இதை வகுத்தவர் கட்டாயம் தோட்டக்காரராக இருந்திருக்க முடியாது.

ஏணியைச் சாத்தினேன். கதிரையோடு ஆட்கள் வந்தார்கள்.

“அடியோட வெட்டுங்க சேர், அப்பத்தான் கொழுந்து வரும்,” என்றார் ஓர் அண்ணன். “அடியோட வெட்டினா பட்டுப்போயிரும்,” என்றார் அவர் தம்பி. இருவருக்கும் ஏற்கெனவே ஒரு காணி வழக்கு உண்டு. கொடி அதில் புதிய சாட்சியாகச் சேர்ந்தது. வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர், வெட்டுவதே தேவையற்ற வேலை, நைலோன் கயிற்றால் இழுத்துக் கட்டினால் போதும் என்றார். அவர் கைபட்ட எந்தப் பொருளும் கடைசியில் வலையாகத்தான் மாறும். இன்னொருவர் இதன் விதை வயிற்றுப் பூச்சிக்கு மருந்து, வெட்டினால் பாவம் என்றார். மருந்து என்பது உண்மை. சீன வைத்தியத்தில் நெடுங்காலமாகப் பூச்சிக்குக் கொடுத்துவருகிறார்கள். அளவு மிஞ்சினால் விக்கல் பிடிக்கும் என்பதும் உண்மை. எங்கள் கொடி இதுவரை ஒரு காயும் காய்த்ததில்லை என்பதை மட்டும் நான் ஏணியில் நின்றபடியே தெரிவித்தேன். “காய்க்க விட்டாத்தானே சேர்!” என்றார்.

இதற்கிடையில் மனைவி கொடியை லண்டனில் இருக்கும் மருமகனுக்கு வீடியோவில் காட்டியிருக்கிறாள். அவன் வீட்டிலும் ஒரு கொடியாம், ஹனிசக்கிள் என்று பெயராம், பூ இதே குழல் வடிவமாம். “உறைபனி எல்லாம் போன பிறகு வெட்டுங்க மாமா,” என்றான். உடப்பில் உறைபனி போவதற்கு முதலில் அது வரவேண்டும் அல்லவா? குழல் வடிவத்தைத் தவிர இரண்டுக்கும் ஒட்டுறவு கிடையாது. நம்முடையது மருதுக்கும் கடுக்காய்க்கும் சொந்தம். புத்தளம் களப்பின் கண்டல் காட்டிலும் அதற்கு ஒரு பங்காளி மரம் நிற்கிறது. அவனுடையது குளிர்நாட்டுக் குடும்பம். குணத்தில் வேண்டுமானால் சகோதரங்கள் எனலாம். யப்பான் ஹனிசக்கிளை 1806இல் அழகுக்கென்று அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், அது இன்று அங்கே காடுகளை நெரித்துக்கொண்டிருக்கிறது. இதைச் சொன்னதும் மருமகன் லைன் சரியில்லை என்றான்.

ஏணி அப்படியே நின்றது. யோசனைகள் நாளுக்கு நாள் தழைத்தன, கொடியும் தழைத்தது.

காற்று ஒரு விடிகாலையில் விழுந்தது. கடற்கரைப் பக்கம் கூவல் கேட்டது. வலை போட்டிருக்கிறார்கள், மடி நிறையச் சூடை! அண்ணனும் தம்பியும் வழக்கை மறந்து ஒரே சைக்கிளில் போனார்கள். பெரியவர் ஊசியை நூலோடு விட்டுவிட்டு ஓடினார். ஓட்டோ வாடிப் பக்கம் பறந்தது. மச்சாள் கடகத்தோடு, பெரியம்மா சருவச்சட்டியோடு. தெருவில் நானும் ஆடுகளும்.

அன்றைக்கு நான் வேலை செய்த வேகத்தை என் பழைய அதிபர் பார்த்திருந்தால் சம்பளத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார். முதலில் காய்ந்ததெல்லாம் வெளியே. ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த முற்றின தண்டுகளை அடிக்குக் கிட்ட அறுத்து, துண்டு துண்டாக உருவினேன். ஒரே இழுவையில் உருவப் பார்த்தால் கூரை ஓடும் கூட வரும். திடமான தண்டுகள் நாலை மட்டும் விட்டு, அவற்றையும் நெஞ்சளவில், கணுவுக்குச் சற்று மேலே சரிவாக வெட்டினேன். மின்கம்பிப் பக்கம் போன கிளையை மட்டும், கம்பியைத் தொடாமல், கீழிருந்தே துண்டித்து அங்கேயே காய விட்டேன். கைக்கு முள் படாமலிருக்க மனைவியின் பழைய ஜீன்ஸ் துணிப் பையை இரண்டாக வெட்டி மாட்டியிருந்தேன். அது பழைய பை இல்லை என்று பிறகு தெரிவிக்கப்பட்டது.

மீனோடு திரும்பியவர்கள் மொட்டைத் தூணைப் பார்த்து நின்றார்கள். நான் எதிர்பார்த்தது போர். கைநிறைய மீன் இருக்கும்போது யாருக்கும் சண்டை பிடிக்க மனம் வராது என்பதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. “நல்லாத்தான் வெட்டியிருக்கீங்க சேர், நான் சொன்ன மாதிரியே,” என்றார் அண்ணன். தான் சொன்ன மாதிரி என்றார் தம்பி. பெரியம்மா மட்டும் குவியலைக் கிண்டி, பென்சில் பருமனில் சில தண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் சுற்றினார். “மழைக்கு வச்சா வேர் பிடிக்கும்.” அவரைப் பார்த்து ஓட்டோத் தம்பி எடுத்தான், மச்சாள் எடுத்தாள், வழக்குக்காரர்கள் ஆளுக்கு ஒரு கட்டு எடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் குவியல் காலி. அள்ளிக் கொட்டும் வேலையும் எனக்கு மிச்சம்.

ஐப்பசி மழை வஞ்சகமில்லாமல் பெய்தது. இப்போது எங்கள் தெருவில் பல கேற்றுகளில் ரங்கூன் மல்லி ஏறுகிறது. பெரியம்மா தன் வாசலிலேயே பூப் பறிக்கிறார். ஓட்டோத் தம்பி வீட்டுக் கொடிதான் எல்லாவற்றையும் முந்தி மதில் தாண்டிவிட்டது. போன கிழமை அவன் ஏணி சாத்துகிற சத்தம் கேட்டது. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையையும் தூக்கிக்கொண்டு போய் அவன் கேற்றடியில் வசதியாக உட்கார்ந்தேன்.

“தம்பி,” என்றேன், “அடியோட மட்டும் வெட்டிராதீங்க.”