‘ராக்’ வினைச்சொல்லின் எழுவாய் காணாமற்போனது: ஓர் இலக்கண விசாரணை

ஆடு என்பது தன்வினை. ஆட்டு என்பது பிறவினை. பள்ளியில் இந்தப் பாடத்தைக் கோட்டைவிட்டவர்களுக்கு அமெரிக்கக் கறுப்பின இசை வரலாறு பிடிபடாது என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆடு, ஆட்டு இரண்டையும் குறிக்கும் ‘ராக்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஆராய்வோர் மூவகைப்படுவர். கப்பலின் ஆட்டத்திலிருந்து வந்தது என்போரைக் கரையிலேயே விட்டுவிடலாம். மிஞ்சுவோர் தொட்டில் மரபினரும் கட்டில் மரபினரும்.

அடிமைகளின் பக்திப் பாடல்கள் தொட்டில் மரபுக்குச் சான்று. அங்கே ஆட்டுபவர் கடவுள், ஆட்டப்படுவது ஆன்மா, இடம் ஆபிரகாமின் மடி. 1922இல் ட்ரிக்ஸி ஸ்மித் ஒரு ப்ளூஸ் இசைத்தட்டில் எழுவாயை மட்டும் மாற்றினார். கடவுளின் இடத்தில் ‘என் ஆள்’ வந்து உட்கார்ந்தான். வினை அதே பிறவினைதான். ஆட்டப்படுவது ஆன்மாதானா என்று கேட்பவரைக் கட்டில் மரபினர் பரிதாபமாகப் பார்ப்பர்.

இரு மரபுக்கும் பொதுச் சொத்து தாமஸ் டார்சி. பாதிரியாரின் மகன். 1928இல் ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில், டாம்பா ரெட்டுடன் சேர்ந்து இரட்டை அர்த்தப் பாட்டில் காசு பார்த்தவர். அதே மனிதர் பிற்பாடு சிகாகோவில் கோஸ்பல் இசையின் தந்தையானார். தன்னை மார்பில் மறைத்துக்கொள்ளும்படி இறைவனை வேண்டி அவர் எழுதிய பாட்டை, 1938இல் சிஸ்டர் ரோசெட்டா தார்ப் கிதாரும் கையுமாக டெக்கா நிறுவனத்துக்குப் பாடிக்கொடுத்தார். தட்டில் அச்சான தலைப்பு: ‘ராக் மீ’. யார் ஆட்ட வேண்டும் என்பது தலைப்பில் இல்லை. நம் இலக்கணத்தில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். அதே ஆண்டு தார்ப் நியூயார்க்கின் காட்டன் கிளப் மேடையிலும் ஏறினார். தேவாலயத்தார் ஓர் எழுவாயை இட்டு நிரப்பியிருப்பார்கள், கிளப்பில் கோப்பை ஏந்தியவர்கள் வேறொன்றை. தோன்றா எழுவாயால் இப்படி இருபக்கமும் வசூலாகும் என்று நன்னூலார் எங்கும் சொல்லவில்லை.

பிறகு நடந்தது வேகமான சரிவு. 1947இல் ராய் பிரௌன் எழுதிப் பாடிய ‘குட் ராக்கிங் டுநைட்’ பாட்டில் ஆட்டுபவரே இல்லை, ஊரே தானாக ஆடுகிறது. அதையே பாடிய வைனோனி ஹாரிஸ், கோஸ்பல் கைதட்டலைப் பின்னணியில் சேர்த்துக்கொண்டு மறு ஆண்டு வெற்றி கண்டார். தேவாலயத்திலிருந்து கை மட்டும் வந்தது. 1950களில் கிளீவ்லாந்து வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட், கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் ப்ளூஸ் தட்டுகளை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஒலிபரப்பி, ‘ராக் அண்ட் ரோல்’ என்று பெயரிட்டுப் பரப்பினார். வினை பெயர்ச்சொல்லானது. பெயர்ச்சொல்லிடம் போய் எழுவாய் எங்கே என்று எவரும் கேட்க முடியாது.

1955இல் பில் ஹேலியின் கடிகாரப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. விடிய விடிய தாங்களே ஆடிக்கொள்வதாக அறிவிக்கும் பாட்டு. கடவுளுக்கும் காதலனுக்கும் ஒருசேர வேலை போயிற்று.