மதம் கேட்கும் நாடுகள்

கே: நாட்டில் எல்லோருக்கும் ஒரே மதம் என்றால் சண்டையே வராதல்லவா?

ப: அண்ணன் தம்பிக்கு ஒரே குலதெய்வம்தான், பாகப்பிரிவினை வழக்கு நடக்காமலா இருக்கிறது? பாகிஸ்தான் பிறந்து ஐந்து ஆண்டுகூட ஆகாத நிலையில், 1952 பிப்ரவரி 21 அன்று, வங்க மொழியும் அரசு மொழியாக வேண்டும் என்று டாக்காவில் திரண்ட மாணவர்கள்மீது போலீஸ் சுட்டது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தான் தனி நாடாகவே போய்விட்டது. தொழும் திசை மேற்கு என்பதில் டாக்காவுக்கு ஆட்சேபணை இல்லை. சணல் ஏற்றுமதிப் பணமும் அதே திசையில் போனதுதான் வயிற்றெரிச்சல்.

கே: ஜின்னா விரும்பியது மத அரசைத்தானா?

ப: 1947 ஆகஸ்ட் 11 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசியதைப் படித்தால் குழம்பிப்போவீர்கள். கோயிலுக்கோ மசூதிக்கோ தாராளமாகப் போங்கள், அதற்கும் அரசுக்கும் சம்பந்தமில்லை என்றார். மதத்தைச் சொல்லி நாடு கேட்டவர், அது கைக்கு வர மூன்று நாள் இருக்கும்போது பேசிய பேச்சு இது! முதல் சட்ட அமைச்சரே ஜோகேந்திரநாத் மண்டல் என்ற வங்கத் தலித் தலைவர்தான். 1948இல் ஜின்னா மறைந்தார். அடுத்த மார்ச்சிலேயே, அரசியல் சட்டம் இஸ்லாமிய நெறியை ஒட்டி அமையும் என்று தீர்மானம் நிறைவேறியது. 1950இல் மண்டல் பதவியை உதறிவிட்டுக் கல்கத்தாவில் இருந்தார்.

கே: யார் முஸ்லிம் என்று அரசு எப்படித் தீர்மானிக்கும்?

ப: நீதிபதி முனீர் அதைத்தான் கேட்டார். 1953இல் பாகிஸ்தான் பஞ்சாபில், தங்களை முஸ்லிம்கள் என்று சொல்லும் அகமதியா என்ற பிரிவினருக்கு எதிராக நடந்த கலவரத்தை விசாரித்தவர் அவர். உலமாக்களை வரிசையாக அழைத்து, முஸ்லிம் என்பதற்கு இலக்கணம் சொல்லச் சொன்னார். இருவர் சொன்னதுகூட ஒத்துப்போகவில்லை என்று அறிக்கையில் எழுதிவைத்தார். அறிஞர்களால் முடியாததை 1974இல் நாடாளுமன்றம் முடித்தது: அகமதியாக்கள் முஸ்லிம்கள் அல்ல. நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கானே அகமதியாதான். 1979இல் இயற்பியல் நோபல் வாங்கிய அப்துஸ் சலாமும் அப்படியே. ரப்வாவில் அவருடைய கல்லறையில் ‘நோபல் பெற்ற முதல் முஸ்லிம்’ என்ற பொருளில் பொறித்திருந்தார்கள். ‘முஸ்லிம்’ மட்டும் அழிக்கப்பட்டது. மிச்சத்தைப் படித்தால், நோபல் வாங்கிய முதல் ஆளே சலாம்தான். 1901இல் வாங்கிய எக்ஸ்ரே ராண்ட்ஜன், பாவம்.

கே: இங்கிலாந்து அரசர்கூட சர்ச்சின் தலைவர்தானே?

ப: ஆமாம். மேல்சபையில் 26 பிஷப்புகளுக்கு இடமும் உண்டு. ஆனாலும் பகவத் கீதைமேல் கைவைத்து எம்.பி. ஆன ரிஷி சுனக் பிரதமராக முடிந்தது. அங்கே மதம் முடிசூட்டு விழாவுக்கு வருகிறது. பாகிஸ்தானில் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கே வந்துவிடுகிறது.

கே: நேபாளம் இந்து நாடா, இல்லையா?

ப: 2006இலிருந்து இல்லை. 2015 அரசியல் சட்டமும் மதச்சார்பற்ற நாடு என்றே சொல்கிறது. சனாதன மதத்தைக் காப்பதும் அதில் அடக்கம் என்று விளக்கமும் சொல்கிறது! தேசிய விலங்கு பசு. அதனிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.