பண்ணவாடி நந்தி

கேள்வி: மேட்டூர் அணை வற்றினால் பண்ணவாடியில் நந்தி தலை தெரிகிறது என்று செய்தி போடுகிறார்களே, அதில் அப்படி என்ன அதிசயம்? (வாசகி, எடப்பாடி)

பதில்: நந்தி எங்கும் போகவில்லையம்மா. நாம்தான் காவிரியைக் கொண்டுபோய் அதன் தலைக்கு மேல் நிறுத்தினோம்! 1934இல் அணை கட்டி முடிந்ததும் ஜலகண்டேஸ்வரர் கோயில், கிறிஸ்தவ ஆலயக் கோபுரம், வீடு, வயல், களத்துமேடு எல்லாம் உள்ளே போயின. 120 அடி உயரத்துக்கு நீர், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. டெல்டா நெல்லில் நானும் சோறு தின்கிறேன், அணையைத் திட்ட எனக்கு வாய் வராது. ஆனால் அந்தச் சோற்றுக்கு ஊரை விட்டவர்களுக்கு என்ன கொடுத்தோம்? அன்றைய 1894ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் நிலத்துக்கு விலை போட்டது, அவ்வளவுதான். நிலமில்லாத கூலிக்காரர் எதைக் காட்டிப் பணம் கேட்பார்? மறுவாழ்வு என்பது நிலமெடுப்புச் சட்டத்துக்குள் வர 2013 ஆயிற்று.

தண்ணீர் இறங்கிய மாதத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வெடித்த வண்டல், கவிழ்த்துப் போட்ட பரிசல், ஈரம் காயுமுன் விதைத்துவிட ஓடும் சனம். தாத்தா உழுத மண்ணைப் பேரன் சில மாதம் இரவல் வாங்கி உழுகிறான்.

இப்போது மேகதாதுவில் 67 டி.எம்.சி.க்கு அணை என்கிறது கர்நாடகம். தண்ணீர் யாருக்கு என்று இரு மாநிலமும் மல்லுக்கு நிற்கின்றன. நியாயமான சண்டைதான். மூழ்கப்போகும் காவிரி சரணாலயக் காட்டுக்கும் கரையோர ஊர்களுக்கும் வக்கீல் யார்?