பழைய லாரி இன்ஜினில் ஆயில் கசிவு: ஓர் அளவையியல் ஆய்வு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரிப் பட்டறைகள் உள்ள இடங்களில் மண் கறுத்துக் கிடக்கும். நிலவியல் மாணவர்கள் அதைக் கரிசல் என்று குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டாம். அடியில் இருப்பது பெரும்பாலும் செம்மண். மேலே உள்ள கறுப்பு, பல தலைமுறை டீசல் இன்ஜின்கள் மனமுவந்து அளித்த கொடை. இத்தனை பரந்த நிகழ்வுக்குத் தமிழில் முறையான நூல் ஒன்றுகூட இல்லை. வழிப்படுத்தும் நெறியாளரும் உதவித்தொகையும் இல்லாத காரணத்தால் முழு நூல் இப்போதைக்கு இயலாது. ஒரு கட்டுரை அளவுக்காவது குறையைத் தீர்க்க முயல்வோம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஆறு சிலிண்டர் பழைய டீசல் இன்ஜின் ஒன்று. கம்பெனியின் பெயரைச் சொல்வதற்கில்லை. பெயர்த்தகடு கறுப்பு மெழுக்கின் அடியில் எங்கோ இருக்கிறது. ஆய்வு முறையை அருணந்தி சிவாசாரியாரிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் செய்த அவர், அறிவுக்கு வழி எவை என்று அளவைகளை வகுத்து, காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் மற்றவற்றை அடக்கினார். பிறர் கொள்கைகளைப் பரபக்கத்தில் மறுத்து, தம் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவினார். பதியையும் பசுவையும் பாசத்தையும் நிறுவப் போதுமான முறை, கிராங்க் ஆயில் சீலை நிறுவவும் போதும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் அளவு. ஒரு சொட்டு ஆயில் ஏறத்தாழ 0.05 மில்லி. நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளுக்கு 1,440 சொட்டு. அதாவது 72 மில்லி. ஆண்டு முழுதும் அப்படியே விழுந்தால் 26 லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரே நாளில் 4.3 லிட்டர் போய்விடும். பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொள்ளும் இன்ஜின் மூன்றாம் நாள் வறண்டுவிடும். முன்னதைக் கசிவு என்றும் பின்னதை ஊற்று என்றும் கொள்க. 26 லிட்டர் ஆயிலின் விலையையும், பட்டறையில் வண்டி நிற்கும் நாட்களுக்கு இழக்கும் வாடகையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் கசிவு ஏன் பல்லாண்டு வாழ்கிறது என்பது விளங்கும். முதலாளிகள் இக்கணக்கை நமக்கு முன்பே, காகிதம் இல்லாமல், போட்டுவிட்டார்கள்.

காண்டல்

கண்ணால் கண்டதே மெய் என்பவர்கள் ஒரு முறை லாரிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் பிறந்த இடத்தில் நிற்பதில்லை. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது; ரேடியேட்டர் விசிறியின் காற்றும் வண்டியின் ஓட்டமும் பின்னால் தள்ளுகின்றன. எனவே இன்ஜினின் தலையில், டேப்பட் கவரின் பின் மூலையில், பேக்கிங் வெடித்துக் கசியும் ஆயில், பிளாக்கின் முதுகு வழியே இறங்கி, ஃபிளைவீல் ஹவுசிங்கைத் தழுவி, அதன் அடியிலுள்ள சிறு துளைக்குப் பக்கத்தில் வந்து சொட்டும். அந்தத் துளையோ கிராங்கின் பின்பக்கச் சீல் போனால் ஆயில் வெளியேறுவதற்கென்றே விட்டது. பார்த்தவர் எல்லோரும் ஒரே குரலில் "பேக் ஆயில் சீல் போச்சுங்க" என்று தீர்ப்பளிப்பார்கள். கியர்பாக்ஸ் இறங்கும், கிளட்ச் கழலும், ஃபிளைவீல் கழலும், நல்ல நிலையில் இருந்த சீல் வீசப்பட்டுப் புதுச் சீல் ஏறும். எல்லாம் பூட்டி வண்டி வெளியே போன மறுநாள், அதே துளைக்குப் பக்கத்தில், அதே சொட்டு.

காண்டலைப் பிழையின்றி நடத்த ஒரே வழி, காண்பதற்கு முன் கழுவுவது. டைனமோ, செல்ஃப் மோட்டார், காற்று போகும் வாய் ஆகியவற்றைப் பாலித்தீன் கட்டி மூடிவிட்டு, டீசலும் பிரஷும் கொண்டு மெழுக்கைச் சுரண்டி, சோப்புத் தண்ணீர் அடித்து, திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவி, இன்ஜினை ஓடவிட்டு டார்ச்சுடன் காத்திருக்க வேண்டும். (சைவ ஆய்வு முறை என்பதால் திருநீறு தூவலாமா என்று கேட்டதில், வாசனை இருந்தால் வேலைக்கு நல்லது என்று பட்டறையார் பவுடரையே பரிந்துரைத்தனர்.) ஈரமான இடங்களில் எது மிக மேலேயும் மிக முன்னேயும் இருக்கிறதோ அதுவே பிறப்பிடம். மற்றவை ஊர்வலம் போன பாதை.

எஃப்.சி. காட்டப் போகும் முன்பும் இன்ஜின்கள் இதேபோலக் கழுவப்படுகின்றன. ஆனால் அங்கே கழுவிய பின் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள்.

கருதல்

மலையில் புகை கண்டால் நெருப்புண்டு என்று அனுமானிப்பது தருக்க நூல்களின் பழைய எடுத்துக்காட்டு. நம் துறையில் மலை தேவையில்லை. இன்ஜின் மெல்ல ஓடும்போது ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றினால் போதும். பஃப் பஃப் என்று புகை உந்திக்கொண்டு வந்தால் பட்டறையில் "பேக் கம்ப்ரஷன் அடிக்குது" என்பார்கள். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து, மேலே எரியும் வாயு இடுக்கு வழியாகக் கிராங்க் இருக்கும் அறைக்குள் இறங்குகிறது என்று பொருள். புதிய இன்ஜினிலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதை வெளியே விடுவதற்கென்றே பிரீதர் என்று ஒரு குழாய் உண்டு. பழைய வண்டிகளில் அது சாலையைப் பார்த்துத் தொங்கும்.

அக்குழாயின் வரலாறு பரிதாபமானது. பேக்கிங்குக்கும் சீலுக்கும் கடையில் டப்பா உண்டு, விலை உண்டு, விளம்பரம் உண்டு. பிரீதருக்கு எதுவும் இல்லை. கரியும் ஆயிலும் தூசியும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அடைத்துக்கொள்ளும்போது உள்ளே அழுத்தம் ஏறுகிறது. போக வழியில்லாத காற்று ஆயிலையும் கூட்டிக்கொண்டு எந்தப் பேக்கிங் இளைத்ததோ அதன் வழியே வெளியேறுகிறது. அப்போது டேப்பட் கவரை மாற்றினால் டைமிங் கவர் ஒழுகும். அதை மாற்றினால் டிப் ஸ்டிக் குழாயில் கக்கும். ஒவ்வொரு சீலும் நிரபராதியாகத் தண்டிக்கப்படும். ஒரு குவளை டீசலும் ஒரு கம்பியும் கொண்டு குழாயைக் குத்திக் கழுவினால் தீர்ந்தது. ஆனால் அந்த வேலையைப் பில்லில் என்னவென்று எழுதுவது? எழுத முடியாத வேலையைச் செய்யத் தூண்டுதல் ஏது? ஆயில் கசிவின் மூல காரணங்களுள் கணக்குப் பிள்ளையையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. பிரீதர் சுத்தமாக இருந்தும் புகை உந்தினால் ரிங்கு வேலைதான்; பேக்கிங் கடைக்குப் போவதில் பயனில்லை.

கருதலின் இன்னொரு வேலை, சொட்டாத இழப்பைக் கண்டுபிடிப்பது. டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைகிறது, தரையோ காய்ந்திருக்கிறது. அப்போது சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று பார்க்கலாம். ஏர் பிரேக் டேங்கின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரோடு ஆயிலும் வருகிறதா என்றும் பார்க்கலாம். காற்றுக் கம்ப்ரஸர் இன்ஜின் ஆயிலைக் குடித்தே வாழ்வதால், அதன் ரிங்கு தேய்ந்தால் ஆயில் பிரேக் லைனுக்குள் குடியேறிவிடும். மாறாக, ஆயில் குறையாமல் ஏறிக்கொண்டே போனால் மகிழ வேண்டாம். டீசல் கலந்திருக்கலாம். டிப் ஸ்டிக்கை முகர்ந்தால் தெரியும்.

உரை

ஆப்த வாக்கியம், அதாவது நம்பத்தக்கவர் சொல், மூன்றாம் அளவை. டிரைவர் சொல்வது: "நேத்து வரைக்கும் ஒரு சொட்டு இல்லீங்ணா." முதலாளி சொல்வது: "போன மாசந்தான் பேக்கிங் மாத்துனதுங்க." முன்பு வேலை பார்த்த மெக்கானிக் சொல்வது: "நான் பூட்டும்போது நல்லாத்தான் இருந்துச்சு." மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்றையும் கூட்டினால் அந்த இன்ஜின் கசியவே முடியாது. ஆகையால் உரை அளவையை மரியாதையுடன் கேட்டுக்கொண்டு, பவுடர் டப்பாவை எடுக்க.

பரபக்கம்

ஊற்றுவாதிகள்: கசியும் அளவுக்கு மேலே ஊற்றினால் போதும் என்பது இவர்கள் மதம். பழையது போய்ப் புதியது வருவதால் ஆயில் மாற்றும் செலவே இல்லை என்பது துணை வாதம். பிரீதருக்கு அடியில் கம்பியால் டின் கட்டித் தொங்கவிடுவோர் இதன் உட்பிரிவினர். மறுப்பு: வெளியேறுவது ஆயில் மட்டுமே, கசடு, ஆயில் தேங்கும் சேம்பரின் அடியிலும் ஃபில்டரிலும் அப்படியே தங்கும். வெளியே போகும் ஆயில் சும்மாவும் போவதில்லை. இன்ஜின் மவுண்டிங் ரப்பரை ஊறவைக்கும்; கிளட்ச் தட்டில் ஏறி, கொல்லிமலைக் கொண்டை ஊசியில் பாரத்தோடு நழுவவைக்கும்; சூடான மேனிஃபோல்டில் விழுந்தால் தீயும் பிடிக்கும்.

இறுக்குவாதிகள்: கசிகிறதா, இறுக்கு. ஸ்பேனர் போதாவிட்டால் பைப் போட்டு இறுக்கு. இம்மதத்தின் எளிமையும் வேகமும் பாராட்டத்தக்கவை. ஆனால் டேப்பட் கவரும் சேம்பரும் தகடு. நடுவில் இருப்பது கார்க். அளவுக்கு மீறி இறுக்கினால் போல்ட் துளையைச் சுற்றிய தகடு உள்வாங்கும், கார்க் பிதுங்கும், இரண்டு போல்ட்டுக்கு நடுவே தகடு வாய் திறக்கும். கசிவு கூடும். கூடிய கசிவைக் கண்டு இவர்கள் மீண்டும் இறுக்குவார்கள். போல்ட் முறிவதில் முடியும் இந்த மதத்துக்கு உள்ளிருந்தே மறுப்பு பிறப்பதால் நாம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பசைவாதிகள்: அனபாண்ட் இருக்க பயமேன் என்பவர்கள். பேக்கிங்குக்கு மேல் பசை, பசைக்கு மேல் பேக்கிங், எதற்கும் இருக்கட்டும் என்று வெளியிலும் ஒரு பூச்சு. மறுப்பு: எவ்வளவு வெளியே பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது ஒருநாள் உதிர்ந்து, ஆயில் பம்பின் ஸ்ட்ரெய்னரில் போய் உட்காரும். பேரிங்குகள் ஆயிலின்றித் தேயும். கசிவு நின்றது உண்மை. இன்ஜினும் நிற்கும்.

சுபக்கம்

நம் கொள்கை சுருக்கமானது: செலவு ஏறும் வரிசையில் சந்தேகப்படு. பிரீதர். டிரெயின் பிளக்கின் செம்பு வாஷர். ஃபில்டரின் அடியில் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேலேயே புதியது அமர்ந்துவிட்டதா என்பது. ஆயில் பிரஷர் சுவிட்ச். கம்ப்ரஸருக்குப் போகும் குழாய்கள். டேப்பட் கவர். அதன் பிறகே சேம்பர், முன் சீல். பின் சீல் கடைசியிலும் கடைசி.

கவரைக் கழற்றினால் தகட்டைச் சமதளத்தில் வைத்து, உள்வாங்கிய துளை ஓரங்களைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தாமல் புதுப் பேக்கிங் போடுவது வீண். பழைய கார்க்கின் துணுக்கு ஒன்றும் மிஞ்சக் கூடாது. இரு முகங்களும் ஆயில் படாமல் காய்ந்திருக்க வேண்டும். பசை வேண்டிய இடத்தில் மெல்லிய கோடாக, போல்ட் துளைக்கு உட்புறமாக இட்டு, கையால் பூட்டி, நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, மணிக்கட்டின் பலத்தால் மட்டும் இறுக்குக. பசை இறுக ஓரிரவு விட வேண்டும் என்பது டியூபிலேயே அச்சிட்டிருக்கும் செய்தி. முதலாளி அதை வாசிப்பதில்லை. லோடு ஏற்றக் கிளம்பும் நேரத்தைத்தான் வாசிக்கிறார்.

பின் சீலேதான் என்று மூன்று அளவையாலும் உறுதியானால் கியர்பாக்ஸை இறக்குவதில் வெட்கமில்லை. அங்கே ஒரு நுட்பம். ரப்பர் உதடு ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் உரசி, உருக்கான கிராங்கிலேயே பள்ளம் வெட்டியிருக்கும். நகத்தால் தடவினால் தட்டும். அப்பள்ளத்தின் மேலேயே புதுச் சீலை உட்காரவைத்தால் முதல் நாளே கசியும். ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி அமர்த்த வேண்டும், அல்லது மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும். உதட்டில் ஆயில் தடவாமல் வறட்டுச் சீலைத் தள்ளினால் முதல் நிமிடத்திலேயே கருகிவிடும். பழைய பிரிட்டிஷ் வடிவ இன்ஜின்கள் சிலவற்றில் இந்த இடத்தில் ரப்பரே கிடையாது. கிராங்கில் வெட்டிய மரை சுற்றும்போது ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். நின்றால் தள்ளாது. அத்தகைய வண்டியை மூக்கு மேடாக நிறுத்திவிட்டுச் சொட்டுகிறது என்று குறை சொல்வது நியாயமன்று.

இம்முறையில் நம் ஆய்வுப் பொருளுக்குப் பிரீதர் கழுவி, டேப்பட் கவர் பேக்கிங் மாற்றி, அதற்குப் பின்னும் பவுடர் நனைந்ததால் பின் சீலும் மாற்றப்பட்டது. இன்ஜின் ஓடியது. பிளாக் காய்ந்திருந்தது, டிப் ஸ்டிக்கில் அளவு அசையவில்லை. மறுநாள் காலையில் ஃபிளைவீல் ஹவுசிங்கின் அடித்துளையில் ஒரு சொட்டு தொங்கியது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தோம். கரி இல்லை, கனமாக வழுக்கியது, கந்தக வாடை. கியர்பாக்ஸ் ஆயில். அது இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது.